ராகு காலத்தில் காலியாகக் கிடந்த லைன்

புளி போட்டுத் தேய்த்த பித்தளையின் வாசனை வந்தால் எனக்குப் பல் கூசும். போன வாரம் ஒரு காணொளிக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது பேச்சுக்குத்தான். கால் ஓரிடத்தில் நிற்காதவள் நான். கேமராவை அணைத்துவிட்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். எங்கள் கம்பெனிப் பிள்ளைகள், ஒரு ஜவுளிக்காரருக்குச் சொந்த சர்வர் நல்லதா, கிளவுடு நல்லதா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் யாரோ குத்துவிளக்குத் தேய்க்க ஆரம்பித்தார்கள். ஜன்னல் வழியே வாசனை வந்தது. பல் கூசியது. பிள்ளைகளின் குரல் தள்ளிப் போய், தொண்ணூற்றாறாம் வருஷத்துக் காரைக்குடி வந்து நின்றது: சூரியனை ஆளுக்கொரு துண்டு பிட்டு வைத்ததுபோல் வரிசையாகக் கவிழ்த்துக் காயவைத்த அண்டாக்கள், அவற்றின் நடுவே வள்ளியம்மை ஆச்சி.

அந்தப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கிளவுடு என்ற சொல் எங்கள் காதில் விழாத காலம் அது. ஆனால் அந்த வேலையை நாங்கள் செய்தோம். ஒரு மாடியில், இரண்டு போன் லைனை வைத்துக்கொண்டு செய்தோம்.

1. ஆச்சி கேட்ட கேள்விகள்

எங்கள் சென்டர், காரைக்குடி கடைத்தெருவில் ஒரு மருந்து மொத்தக் கடையின் மாடியில் இருந்தது. உள்ளே ஏ.சி. போட்ட ஓர் அறை, அதற்குள் ஒரே ஒரு பெரிய மெஷின். கம்ப்யூட்டர் வாங்க முடியாதவர்களும், வாங்கப் பயந்தவர்களும் எங்களிடம் வருவார்கள். அவர்கள் கடையில் ஒரு டெர்மினலும், அதைப் போன் லைனோடு இணைக்க ஒரு மோடமும் வைப்போம். டெர்மினல் என்றால் கீபோர்டும் பச்சை எழுத்துத் திரையும் மட்டும். மூளை முழுவதும் எங்கள் மாடியில். போன் போட்டு உள்ளே வந்து, வேலையை முடித்து, லைனை வைத்துவிட வேண்டும். நான் அங்கே இன்சார்ஜ். கல்லலில் இருந்து தினமும் ரயிலோ பஸ்ஸோ எது முதலில் கிடைக்கிறதோ அதில் வருவேன்.

வள்ளியம்மை ஆச்சிக்கு வாடகைப் பாத்திரக் கடை. காரைக்குடியில் ஒன்று, கல்லலில் ஒன்று, சிங்கம்புணரியில் ஒன்று. ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்கும் அண்டாவில் இருந்து சந்தனக் கிண்ணம் வரை எல்லாம் இருக்கும். சாமான் ஒரு கடையில் உட்கார்ந்திருக்காது. கல்யாணம் எங்கே நடக்கிறதோ அங்கே லாரி ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். எந்த அண்டா எந்தத் தேதியில் எந்த வீட்டு அடுப்பில் இருக்கும் என்பது மூன்று கடைக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். அதற்காகத்தான் அவரை எங்கள் மாடிக்கு அழைத்தேன்.

படியேறி வந்தார். நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஏத்தா கனகு, சாமான் என் கிட்டங்கில இருக்கும். அதுக பேரு மட்டும் ஒன் மாடியில இருக்குமாக்கும்?"

"ஆமா ஆச்சி."

"நாளப்பின்ன நீயும் நானும் மொகங்குடுத்துப் பேசாமப் போயிட்டா?"

"நீங்க கேட்ட அன்னைக்கே டேப்புல ஏத்தி, காயிதத்துலயும் அச்சடிச்சுக் கையில குடுத்துருவேன்."

"எதுத்த கடைக்காரரும் ஒன்ட்டத்தான் வாராராம். அவுக எட்டிப் பாத்தா?"

"அவுகளுக்கு அவுக சாவி, உங்களுக்கு உங்க சாவி. உங்க சாவிக்கு உங்க அறை மட்டுந்தான் தொறக்கும்."

"கரண்டு போனா?"

"யு.பி.எஸ். ரெண்டு மணி நேரம் தாங்கும்."

"ரெண்டு மணி நேரத்துக்கு அப்பறம் அது தாங்காது, நான் தாங்கணும்." ஆச்சி சிரிக்கவில்லை. "தெனஞ் சாயங்காலம் அச்சு என் வீட்டுக்கு வந்துரணும். அதையும் எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். இன்றைக்குக் கோட் போட்டவர்கள் நாற்பது பக்க அறிக்கையில் கேட்பதை ஆச்சி வெற்றிலை மடிக்கிற நேரத்தில் கேட்டு முடித்துவிட்டார். பொருளை அடுத்தவர் இடத்தில் வைக்கிறவர் கேட்க வேண்டியதும் அவ்வளவுதான்: திரும்ப எடுக்க முடியுமா, மற்றவர் கண் படுமா, நின்றுபோனால் என் கையில் என்ன மிஞ்சும்.

அவர் கேட்க மறந்த ஒன்று உண்டு. அதை நானும் மறந்திருந்தேன்.

2. ஆவணி வெள்ளிக்கிழமை

இரண்டு லைன் போதும் என்று கணக்குப் போட்டவள் நான். ஆச்சி கடைகளின் பழைய புக்கிங் நோட்டுகளைப் புரட்டி, ஒரு நாளைக்கு எத்தனை புக்கிங் என்று பார்த்து, கடை திறந்திருக்கும் மணி நேரத்தால் வகுத்தேன். மணிக்கு ஒன்றரை வந்தது. ஒரு புக்கிங் ஏற்ற ஐந்து நிமிஷம். இரண்டு லைனில் ஆச்சியின் மூன்று கடையும், இன்னும் நான்கு வாடிக்கையாளர்களும் தாராளமாகப் புழங்கலாம் என்று சென்டர் முதலாளியிடம் மார்தட்டினேன்.

வகுத்துப் பார்த்தவள் காலண்டரைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டிலும் அந்தத் தினசரிக் காலண்டர் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

கல்யாணத்துக்குச் சாமான் பேச வருகிறவர் யாராவது மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் வருவாரா? வெற்றிலை பாக்கோடு வருவார். நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து வருவார். வெள்ளிக்கிழமை ஒன்பதே காலில் இருந்து பத்தே கால். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். பன்னிரண்டு மணி வரைக்கும் கடைக்காரரும் எழுதமாட்டார், வந்தவரும் பேசமாட்டார். நாள் முழுக்கப் பரவி வரும் என்று நான் நினைத்த மழை, ஒரு மணி நேரத்தில் மொத்தமாகக் கொட்டிவிட்டு ஓடிவிடும் மழை.

அந்த ஆவணி வெள்ளியில் சிங்கம்புணரிக் கடை குமாஸ்தா பாண்டி எட்டு முறை டயல் செய்திருக்கிறார். எட்டு முறையும் என்கேஜ்டு. ஒரு பெண் வீட்டார் நான்கு பெரிய அண்டா வேண்டும் என்று கேட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாளில் எழுதிக்கொண்டு வெற்றிலை பாக்கை வாங்கிவிட்டார். லைன் கிடைத்தபோது மணி பத்து முப்பத்தைந்து.

அப்போதாவது ஏற்றியிருக்கலாமே? ஏற்றவில்லை. பிறகு போனில் கேட்டேன்.

"ராகு காலத்துல ஒரு கல்யாணத்த எப்படி மிசின்ல ஏத்துறதுங்க? நல்லாருக்குமா? நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா என்னையல்ல சொல்லுவாக?"

அவர் பன்னிரண்டு மணி வரை காத்திருந்தார். அதற்குள், பத்து மணிக்கே, அதே தேதிக்கு அதே நான்கு அண்டாக்களைக் காரைக்குடிக் கடை வேறொரு வீட்டுக்கு ஏற்றிவிட்டிருந்தது. பன்னிரண்டு அடித்துப் பாண்டி உள்ளே வந்தபோது மெஷின், மூன்று கடையிலும் இருப்பு இல்லை என்றது. மெஷின் சொன்னது சரி. ஆனால் வெற்றிலை பாக்கு கைமாறிவிட்டதே.

ஆச்சி என்ன செய்தார் தெரியுமா? கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கவில்லை. தன் வீட்டின் உள் அறையைத் திறந்தார். கல்யாணத்தில் அவருக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த சீர்ப் பாத்திரங்கள், விளிம்பில் அவர் பெயர் வெட்டியவை, ஒருநாளும் வாடகைக்குப் போகாதவை. அதில் நான்கு அண்டாவை லாரியில் ஏற்றிச் சிங்கம்புணரிக்கு அனுப்பினார்.

திரும்பி வந்தபோது ஒன்றின் அடி கரிந்திருந்தது. அதைப் புளி போட்டுத் தானே தேய்த்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன். பல் கூசியது.

"என் பேரு வெட்டுன அண்டாத்தா இது," என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "எங்க அப்பச்சி பாத்துப் பாத்துச் செஞ்சது. ஊரான் அடுப்புல ஏத்திட்டேன்."

3. மதுரைக்காரர்

கார்த்திகையில் மதுரையில் இருந்து ஒரு விற்பனைத் தம்பி வந்தார். கழுத்தில் டை, கையில் பளபளக்கும் தாளில் படம் போட்ட புத்தகம். கடைக்கு ஒரு கம்ப்யூட்டர், மூன்று கடைக்கு மூன்று, சொந்த மெஷின், யாரிடமும் லைனுக்கு நிற்க வேண்டாம் என்று ஆச்சியிடம் கோட்டேஷன் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆச்சி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கார்த்திகைக் கடைசி வெள்ளி வருது. தை முகூர்த்தத்துக்குப் பேசுறவுக அம்புட்டுப் பேரும் அன்னைக்குத்தான் வருவாக. மார்கழி பொறந்துட்டா எவுகளும் வாய் தொறக்க மாட்டாக. அன்னைக்கு ஒரு சாமான் ரெண்டு வீட்டுக்கு விழுந்துச்சுன்னா, மதுரத் தம்பி மிசின வாங்கிருவேன். என் அறைய இன்னொரு தடவ தொறக்க மாட்டேன்த்தா."

முதலாளியிடம் சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஆச்சி கடை மூணும் போச்சுன்னா நாம கதவச் சாத்திட்டுப் போக வேண்டியதுதாம்மா" என்றார். சென்டரில் நான்கு பேர் வேலை பார்த்தோம். கம்ப்யூட்டர் படித்த பெண்ணுக்குக் காரைக்குடியில் அப்போது வேறு நாற்காலி கிடையாது. நான் சம்பாதிக்கிற அந்த ஒரு நாற்காலியை நம்பித்தான் வீட்டில் என் கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போட்டிருந்தேன்.

புது போன் லைன் கேட்டு எழுதிக் கொடுத்து ஏற்கெனவே மாதக்கணக்கு ஆகியிருந்தது. அது வெள்ளிக்கு முன்னால் வராது. மோடம் லாகை அச்சடித்து, நீளத் தாளைத் தரையில் விரித்து, அதன் மேலேயே நடந்தேன். எந்த மணிக்கு எந்தக் கடை எவ்வளவு நேரம் லைனில் இருந்தது என்று வரிவரியாக இருந்தது. நடக்க நடக்க ஓர் இடத்தில் கால் நின்றது. தினமும் ஒன்றரை மணி நேரம் தாள் ஏறக்குறைய வெள்ளையாக இருந்தது. திங்களில் காலை, புதனில் நண்பகல், வெள்ளியில் பத்தரை. லைன் இரண்டும் பெரும்பாலும் சும்மா கிடந்த நேரம்.

ராகு காலம்.

பல வருஷம் கழித்துப் பெரிய பெரிய வார்த்தைகளில் எனக்குப் பாடம் நடத்தினார்கள். நான் படித்தது அந்தத் தாளில்தான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசித்தால் பொதுச் சமையல் நடக்காது. வேறு வேறு நேரத்தில் பசிக்கிறவர்களைச் சேர்த்தால், அடுப்பு ஒன்றே போதும். ராகு காலம் பார்க்காத ஆள் ஒருவர் எனக்கு வேண்டும். அவர் எங்கள் காலடியிலேயே இருந்தார்.

4. பேய் கத்தும் போன்

கீழே மருந்து மொத்தக் கடை அமலதாஸ் அண்ணனுடையது. எங்கள் வாடிக்கையாளர். சுவரில் மாதா படம், அதன் கீழே இரண்டு போன். காலை முழுக்கச் சுற்றுவட்டார மருந்துக் கடைகள் கூப்பிட்டு ஆர்டர் சொல்லும். அவர் அவ்வப்போது சரக்கு இருப்பை எங்கள் லைனில் ஏற்றுவார்.

"அண்ணே, வெள்ளிக்கெழம ஒன்பதேகால்ல இருந்து பத்தேகால் வரைக்கும் நீங்க எங்க லைன் பக்கமே வரக் கூடாது."

"சரி."

"உங்க ரெண்டு போன்ல ஒண்ணையும் எனக்குத் தரணும்."

"கடையையே எழுதித் தரவா தங்கச்சி?"

"பதிலுக்கு ராகு காலம் முழுக்க உங்களுக்குத்தாண்ணே. தெனமும். ரெண்டு லைனும். ஒரு பய குறுக்க வரமாட்டான்."

அண்ணன் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "பத்து வருசமா இந்த ஊர்ல கடை. எல்லாரும் எனக்கு நல்ல நேரம் குறிச்சுத்தான் குடுத்திருக்காக. ராகு காலத்தத் தானமாக் குடுத்தது நீதான். எடுத்துக்க. தையில எங் கூடப்பொறந்த தங்கச்சிக்குக் கோயில்ல கல்யாண மந்திரிப்பு. ஆச்சிட்டத்தான் சாமான் சொல்லணும், நானும் ஆச்சி மொகத்துல முழிக்க வேணாமா?"

கீழே போனை அப்படியே விட்டு, அவர் வயரில் ஒரு கிளை எடுத்து ஜன்னல் வழியே மாடிக்கு ஏற்றினோம். அலமாரியில் உறங்கிய மூன்றாவது மோடத்தை எடுத்துப் பூட்டினோம். மெஷினில் ஒரு துளை காலியாக இருந்தது. சிங்கம்புணரிப் பாண்டிக்கு அமலதாஸ் அண்ணன் நம்பரைக் கொடுத்தேன். மற்ற வாடிக்கையாளர்களையும் அந்த ஒரு மணி நேரம் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கடைக்கு ஒரு லைன். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

வியாழக்கிழமை சோதனை பார்த்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. மருந்து கேட்டு அந்த நம்பருக்குக் கூப்பிட்டவர்கள் காதில் மோடம் கிறீச்சிட்டது. சாயங்காலத்துக்குள் ஊரில் பேச்சு: அமலதாஸ் கடைப் போனில் பேய் கத்துகிறது.

"நல்லதாப் போச்சு," என்றார் அண்ணன். "மந்திரிச்ச மருந்துன்னு சொல்லி வித்துர்றேன்."

5. ஒன்பதே கால்

கார்த்திகைக் கடைசி வெள்ளி. ஒன்பது மணிக்கெல்லாம் ஆச்சி மாடிக்கு வந்துவிட்டார். கூடவே மதுரைத் தம்பி, ஆச்சிதான் வரச்சொல்லியிருந்தார். "நீங்களும் பாருங்க தம்பி. நாளைக்கு நான் ஒங்ககிட்ட வாங்குறேன்னு சொன்னாலும், வேண்டாம்னு சொன்னாலும் ஏன்னு தெரியணும்ல."

ஒன்பதே கால். முதல் மோடம் கூவியது, கல்லல் உள்ளே வந்தது. இரண்டாவது கூவியது, காரைக்குடி. மூன்றாவது, சிங்கம்புணரி. மூன்று சிவப்பு விளக்கும் சேர்ந்து மினுங்கின. ஏதோ ஒரு வீட்டின் மேளம், ஏதோ ஒரு வீட்டின் பந்தி, எல்லாம் மூன்று மெல்லிய கம்பிகள் வழியே சொட்டுச் சொட்டாக எங்கள் அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. நான் நடந்துகொண்டே இருந்தேன். "உக்காரு தாயி, தரை தேஞ்சுரும்" என்றார் ஆச்சி.

ஒன்பது நாற்பதுக்குக் காரைக்குடிக் கடை, தை மாத முதல் முகூர்த்தத்துக்குத் தன் நான்கு பெரிய அண்டாக்களையும் ஏற்றியது. திரையில் எண் குறைந்ததை ஆச்சிக்குக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

ஒன்பது ஐம்பத்தெட்டு. மூன்றாவது விளக்கு அணைந்தது. சிங்கம்புணரி லைன் அறுந்துவிட்டது.

மோடம் கூவியது. அப்பாடா என்றேன். ஆனால் உள்ளே யாரும் வரவில்லை. கிறீச்சிட்டு, ஓய்ந்து, மறுபடி கூவியது. மறுபடி ஓய்ந்தது. பத்து மணி இரண்டு நிமிஷம். யாரோ மருந்துக் கடைக்காரர் பேய்ச் சத்தத்துக்கும் அசராமல் திரும்பத் திரும்ப டயல் செய்கிறார். அவர் புகுந்து புகுந்து, பாண்டிக்கு என்கேஜ்டு.

நான் படியில் பாதி இறங்கி, "அண்ணே!" என்று கத்தினேன். அமலதாஸ் அண்ணன் கல்லாவைத் தாண்டி ஓடிப் போய்க் கீழே இருந்த அந்தப் போனை எடுத்தார். மோடத்தின் அலறலுக்கு மேலே அவர் அலறினார்.

"யாருய்யா அது? ... ஆமாய்யா, பேயிதான், நாந்தான் வளக்கிறேன்! ... இருமல் மருந்துதானே, பதினோரு மணிக்குக் கூப்புடு, ஒண்ணுக்கு ரெண்டாத் தாரேன். இப்ப வையி, ஒரு கல்யாணம் நிக்குது! ... எங்க வீட்டுக் கல்யாணமில்லய்யா, வையி!"

வைத்துவிட்டார். பத்து ஆறு. மோடம் கூவியது. மூன்றாவது விளக்கு நிலைத்து நின்றது. பாண்டி.

அவர் எதிரில் உட்கார்ந்திருந்த பெண் வீட்டாரும் தை முதல் முகூர்த்தத்துக்கு நான்கு பெரிய அண்டாதான் கேட்டார்கள். ஆவணியில் நடந்த அதே கதை. நான் திரையைப் பார்த்தேன். காரைக்குடியில் இல்லை, சிங்கம்புணரியில் இல்லை என்றது மெஷின். அடுத்த வரியில், கல்லலில் நான்கு என்றது. பாண்டியின் விரல் அங்கே ஊரில் தட்டியது, எழுத்து இங்கே பச்சையாக முளைத்தது. பத்துப் பன்னிரண்டுக்குப் புக்கிங் ஏறி முடிந்தது. வெற்றிலை பாக்கு அதற்குப் பிறகுதான் கைமாறியது.

பத்தே கால். மூன்று விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. ஒரு சாமான்கூட இரண்டு வீட்டுக்கு விழவில்லை. முதலாளி என்னைப் பார்த்துக் கும்பிட்டார்; பிறகு தப்பாகச் செய்துவிட்டவர்போல் மெஷினைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டார். பத்தரைக்கு ராகு காலம் பிறந்தது, அமலதாஸ் அண்ணன் இரண்டு லைனையும் பிடித்துக்கொண்டு காலை ஆர்டர் முழுவதையும் ஒரே மூச்சில் ஏற்றினார். கடை தொடங்கிய நாள் முதல் இவ்வளவு சுருக்காக வேலை முடிந்ததில்லை என்று கீழே இருந்தே கத்திச் சொன்னார்.

ஆச்சி, மதுரைத் தம்பியிடம் கோட்டேஷனை மடித்து நீட்டினார்.

"மிசினு லெச்சணமாத்தான் இருக்கு தம்பி. ஆனா எனக்கு மிசினு வேண்டியது வாரத்துல ஒரு மணி நேரம். அதுக்காக மூணு மிசினக் கூட்டியாந்து ஏழு நாளும் ஏ.சி.யில படுக்கவச்சுப் பாத்துக்க என்னால ஆகாது. அதோட, ஒண்ணுக்குத் தெரிஞ்சது இன்னொண்ணுக்குத் தெரியுமா?"

தம்பி படப் புத்தகத்தை மூடிக்கொண்டார். "தெரியாது ஆச்சி," என்றார் நேர்மையாக. போகும்போது என்னிடம் குரலைத் தாழ்த்தி, அவர்கள் கம்பெனியின் காரைக்குடி வேலைகளுக்கு எங்கள் மெஷினில் இடம் கிடைக்குமா என்று கேட்டார். ராகு காலம் பார்ப்பீர்களா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

பிள்ளைகளே, உங்கள் ஜவுளிக்காரருக்கு நான் சொல்வது இதுதான். சராசரியை நம்பாதீர்கள், அவருடைய காலண்டரை வாங்கிப் பாருங்கள். கூட்டம் எந்த நாளில், எந்த மணியில் வந்து மோதுகிறது என்று பாருங்கள். அந்த ஒரு மணிக்காக வருஷம் முழுக்க ஒரு மெஷினைக் கட்டிக் காக்க வேண்டுமா, அல்லது வேறு நேரத்தில் கூட்டம் வருகிறவர்களோடு ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேளுங்கள். பிறகு ஆச்சி கேட்டதைக் கேளுங்கள். அதற்குப் பிறகு கம்பெனிப் பெயரைப் பார்த்தால் போதும்.

அன்றைக்கு ஆச்சியைப் படி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். கைப்பிடியைப் பிடித்து இரண்டு படி இறங்கியவர் நின்றார். கீழே அமலதாஸ் அண்ணன் போனில் யாருக்கோ பேயின் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார். ஆச்சி அங்கே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மருந்துக்கடைத் தம்பிட்டச் சொல்லிருத்தா. தையில அவுக தங்கச்சி கல்யாணம்னு சொன்னியே, அதுக்கு வாடகைச் சாமான் வேணாம். என் பேரு வெட்டுன அண்டாவே வரும். ராகு காலத்துலயே வந்து எடுத்துக்கிறச் சொல்லு."